கீரி பக்கம்

“கீரி பக்கம் நில்லு. நான் வரேன்.”

என்னுடைய 2014ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஒரு சனிக்கிழமைப் பக்கத்தில், இந்த இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. என் கணவருக்கு அவருடைய அண்ணன் அனுப்பிய குறுஞ்செய்தி இது. ரோமன் எழுத்தில் தட்டியது, காலை 11.20க்கு வந்தது. அவர் வீடு திரும்பியதும் போனை மின்சாரத்தில் சொருகி, செய்தியையும் நேரத்தையும் நான்தான் பார்த்து எழுதினேன். அதே பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டும் ஒட்டியிருக்கிறது, பத்து பகாட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு. அச்சு இப்போது முழுக்க வெளுத்துவிட்டது. இப்படி வெளுக்கும் என்று தெரிந்துதான் ஒட்டிய அன்றே அதன் கீழே பேனாவால் நேரத்தை எழுதினேன்: இரவு 7.30.

எனக்கு இப்படிக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. தெப்ராவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிராணியாக இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்தவள். தேதி போடாத காகிதத்தை நான் காகிதமாக மதிப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணனும் தம்பியும் சம்பான் என்ற ஒரு சிறு படகில் பத்து பகாட் ஆற்று முகத்திலிருந்து புறப்பட்டார்கள். சாஆ பக்கத்தில் அவர்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பம்ப் வீடு வரை ஆற்றிலேயே போவது என்பது திட்டம். பம்ப் வீடு என்றால் ஆற்றுத் தண்ணீரை இறைத்துத் தோட்டத்துக்கு அனுப்பிய ஒரு சிறிய கட்டடம். அவர்களுடைய அப்பா ஆயுள் முழுக்க அங்கேதான் வேலை பார்த்தார்.

பட்டணத்துக்கு மேலே ஆறு இரண்டாகப் பிரிகிறது. இடக்கைப் பக்கம் போவது சிம்பாங் கீரி, வலக்கைப் பக்கம் போவது சிம்பாங் கானான். மலாயில் கீரி என்றால் இடது, கானான் என்றால் வலது. பெயர் வைத்தவர் கடலிலிருந்து மேலே ஏறி வந்தவராக இருக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு அது கீரிப்பிள்ளையின் ஆறு, கீரியாறு. என் கணவர் பத்து வயது வரை அதன் கரையில் கீரிகளைத் தேடியிருக்கிறார். ஒன்றையும் பார்த்ததில்லை.

இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் நாக்கு போல நீண்ட நிலம் ஒன்று இருக்கிறது. அதன் முனையில் ஒரு பலகைத்துறை. கையிருப்புக்கு இன்னொரு கேன் பெட்ரோல் வாங்க என் கணவர் அங்கே இறங்கி, கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த கடைக்கு நடந்தார். திரும்பி வந்தபோது சம்பான் இல்லை. குறுஞ்செய்தி மட்டும் இருந்தது. அதைப் படித்த கொஞ்ச நேரத்தில் போனும் செத்துப்போனது. கீரி பக்கம் என்றால் கீரியாற்றைப் பார்த்த பக்கம் என்று எடுத்துக்கொண்டு, நாக்கு நிலத்தின் அந்த ஓரத்தில் கேனைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். மழை வந்தது. மாலை ஆறு மணி வரை நின்றார். பிறகு ஒரு மோட்டார் சைக்கிள்காரர் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்.

அண்ணன் சொல்லும் கதை வேறு. “முதலையப் பாத்தான். அவ்வளவுதான், பஸ் புடிச்சி ஓடிட்டான். நான் ஒத்தையா போயி பம்ப் வீட்டுப் படிக்கட்டுல சம்பானைக் கட்டிட்டு வந்தேன்.” இதை அவர் கல்யாண வீடுகளிலும் கருமாதி வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து என் கணவருக்குக் குடும்பத்தில் ‘பஸ் டிக்கெட்’ என்று பெயர். என் நாட்குறிப்புகளின்படி அந்தப் பெயர் என் காதுபட முப்பத்தேழு முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில், யார் முதலில் சிரித்தார்கள் என்பதும் குறிப்பில் இருக்கிறது. ஒரு முறை என் சொந்த மகள் சிரித்திருக்கிறாள். அதையும் எழுதியிருக்கிறேன்.

என் கணவர் ஒருமுறைகூடப் பதில் பேசவில்லை. பாசிர் கூடாங்கில் ஷிப்டு வேலை பார்ப்பவர். பேச்சைவிடத் தூக்கம் அவருக்குப் பெரிது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவர் கை ஸ்டியரிங்கை எப்படிப் பிடித்திருக்கும் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இந்த வருடம் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. சாஆவில் ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். அழைப்பதற்காக அவரே போன் செய்தார். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“டேய், பஸ் டிக்கெட்டு. கார்ல வருவியா, பஸ்ஸு புடிச்சி வருவியா?”

“கார்லதாண்ணே.”

“நடுவுல எறங்கிடாத லா.”

அது முப்பத்தெட்டாவது முறை. அன்று இரவே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலை தோசை வைக்கும்போது சொன்னேன்.

“அஞ்சு நாளு லீவு போடுங்க.”

“எதுக்கு?”

“ஆத்துல போறோம்.”

எந்த ஆறு என்று அவர் கேட்கவில்லை. தோசையைப் பிய்த்தபடி, “நான் ஏதாச்சும் கேட்டனா உன்கிட்ட? விடும்மா. அண்ணன் வாயி அப்படித்தான்” என்றார்.

“முப்பத்தெட்டு தடவை விட்டாச்சு.”

“எண்ணிக்கிட்டா இருந்த?”

“எண்ணாம?”

அவர் வேலையிடத்து நண்பர் ஒருவரிடம் பதினைந்து அடி நீள ஃபைபர் சம்பான் இருந்தது; பதினைந்து குதிரைச் சக்தி எஞ்சின். இழுவை வண்டியோடு இரவல் கொடுத்தார். எனக்கு நீச்சல் தெரியாது. இரண்டு மிதவைச் சட்டை, ஒரு கேன்வாஸ் கூரை, கேஸ் அடுப்பு, அரிசி, நெத்திலி, ஊறுகாய், நான்கு பெட்ரோல் கேன்கள், நீர் புகாத பைக்குள் ஒரு புது நோட்டு. நோட்டின் முதல் பக்கத்தில் என் நோக்கத்தை எழுதினேன்: அண்ணன் பொய் சொன்னார் என்பதை நிறுவுவது. நதிப் பயண நூல்கள் நிறையப் படித்திருக்கிறேன். யாரும் இப்படி ஒரு நோக்கத்தோடு தொடங்கியதாக நினைவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை 7.10க்கு, கடல் ஏற்றத்தோடு, மீன்படகுகளுக்கு நடுவிலிருந்து புறப்பட்டோம். ஏற்றத்தில் தண்ணீரே படகைத் தள்ளிக்கொண்டு போகும். வற்றத்தில் எஞ்சின் கத்தினாலும் கரை நகராது. அதனால் நேரம் பார்த்து ஓடி, நேரம் பார்த்து ஒதுங்க வேண்டும். என் கணவர் நாற்பது வருடம் ஷிப்டு பார்த்தவர். “இவரு ஒரு ஷிப்டு, நாம ஒரு ஷிப்டு” என்று ஆற்றைக் காட்டிச் சொன்னார். அதன் பிறகு அவர் முகம் மாறிப்போனது. கூரைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, நீப்பாப் பனைப் புதர்களையும் அவற்றுக்குள் ஓடும் நீர்நாய்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் படம் எடுத்து நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். அவரையும் நிற்கவைத்து எடுத்தேன்.

“சிரிக்கவா?”

“வேணாம். ஆதாரத்துக்கு எடுக்கிறது.”

நடுவழியில் எஞ்சின் விசிறியில் ஒரு சாக்கு சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் போனது. நாக்கு நிலத்தின் முனையை அடைந்தபோது மதியம் 1.40. பன்னிரண்டு வருடமாக நான் மனதில் போட்டுப் பார்த்த இடம். பலகைத்துறை இப்போதும் இருந்தது. கட்டலாம் என்று நெருங்கியபோது படகின் அடி சேற்றில் உரசி நின்றுவிட்டது. வற்றம் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. துறையைச் சுற்றி முழங்கால் ஆழத் தண்ணீர்கூட இல்லை. என் கணவர் துடுப்பை ஊன்றித் தள்ளித் தள்ளி, கடைசியில் கீரியாற்றின் எதிர்க்கரைக்குக் கொண்டுபோனார். அங்கேதான் ஆழம் இருந்தது. ஒரு வளைவுக்குக் கீழே, நீப்பா நிழலில் கட்டினோம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் பலகைத்துறையும் இவர் அன்று நின்ற ஓரமும் தெரியவில்லை. வளைவும் நீப்பாவும் மறைத்தன.

பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் தன் படகில் உட்கார்ந்து ஆற்று இறாலுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் சேற்றில் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்தார்.

“அங்கே யாரும் வற்றத்தில் கட்டமாட்டார்கள். எல்லோரும் கீரிக்கு வந்துவிடுவார்கள்” என்றார் மலாயில்.

“எந்தக் கீரிக்கு?” என்று என் கணவர் கேட்டார்.

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். “இந்தக் கீரிக்குத்தான்” என்று தன் இடக்கையால் கரையைத் தட்டிக் காட்டினார். ஏறி வருகிறவர்களுக்கு இது இடது கரை.

என் கணவர் எஞ்சின் பிடியை விட்டுவிட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “அண்ணன் லாரி ஓட்டுனவரும்மா. பின்னால வண்டி எடுக்கறப்ப கிளீனரு நாள் முழுக்கக் கீரி கீரின்னு கத்துவான். அவரு கீரின்னா இடது பக்கம்தான். எனக்குத்தான் அது ஆத்தோட பேரு.”

அதாவது அன்று துறை வற்றியதும் அண்ணன் சம்பானை ஆழமான இடது கரைக்கு நகர்த்தியிருக்கிறார். கம்பத்துப் பாலத்தைக் கடந்து இடது பக்கம் வந்து நில் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். ஒருவர் அந்தக் கரையில், ஒருவர் இந்தக் கரையில், நடுவில் ஓர் ஆறு. அண்ணன் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று தெரியாது. ஆனால் தம்பியை ஏமாற்றிவிட்டுப் போனார் என்று நான் பன்னிரண்டு வருடமாக நம்பிய பாதி அந்த இடத்திலேயே உடைந்துவிட்டது.

நோட்டு என் மடியில் திறந்திருந்தது. பேனாவும் கையில் இருந்தது.

“எழுதலையா?” என்றார்.

“கை ஈரமா இருக்கு.”

அவர் என் கையைப் பார்த்தார். ஈரம் இல்லை.

அன்று மாலையும் நான் எழுதவில்லை. கரையோரக் கம்பத்தில் ஒரு வீட்டில் அறை கொடுத்தார்கள். வீட்டுக்காரம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தந்தார். சாப்பிட்டுக்கொண்டே என் கணவர், “சரி, அண்ணன் மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சே. திரும்பிடலாமா?” என்றார்.

“நீங்க ஓடிப்போனீங்கன்னு சொன்னாரே, அது? பம்ப் வீட்டுல கட்டுனேன்னாரே, அது?”

“அது கட்டியிருப்பாரு.”

“பாத்துடுவோம்.”

செவ்வாயும் புதனும் கீரியாற்றில் மேலே போனோம். ஆறு ஒடுங்கிக்கொண்டே வந்தது. இரண்டு பக்கமும் செம்பனை. எஞ்சினை ஓட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தார். பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். “கீரி, கீரி” என்று அவர் கத்த, நான் மாற்றித் தள்ளிப் புதருக்குள் போய் நின்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் ஒன்றாகச் சேர்ந்து நாங்கள் எதற்காவது அவ்வளவு நேரம் சிரித்ததாகக் குறிப்பு இல்லை.

புதன் காலை சேற்றுத் திட்டில் ஒரு முதலை படுத்திருந்தது. எங்கள் படகில் பாதி நீளம். என் கணவர் எஞ்சினைத் தணித்து, ஒதுங்கி, அதைக் கடந்து போனார். நான் எழுதினேன்: “புதன், காலை 9.05. முதலை. இவர் பஸ் பிடிக்கவில்லை.”

வியாழன் காலை தோட்டத்துக்குப் போகும் சிற்றாற்றில் திரும்பினோம். இரண்டு படகு அகலம்தான் இருக்கும். அரை மணி நேரம் போனதும் எதிரே ஒரு கான்கிரீட் மதகு. மலாயில் பிந்து ஆயர் என்பார்கள், வெள்ளத்தைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே கட்டும் இரும்புக் கதவு. இரண்டு கதவுகள், இரண்டும் இறங்கியிருந்தன. அடியில் ஒரு வாத்து நுழையலாம், சம்பான் நுழையாது. மதகுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், தகரக் கூரை இடிந்த பம்ப் வீடு நின்றது.

எனக்கு உள்ளுக்குள் என்ன நடந்தது என்று மறைக்க விரும்பவில்லை. சந்தோஷப்பட்டேன். எஞ்சின் நின்ற அமைதியில் வாய்விட்டுச் சொன்னேன்: “மாட்டிக்கிட்டாரு.”

என் கணவர் கரையில் ஏறிக் கட்டுமேட்டின் வழியே பம்ப் வீட்டுக்கு நடந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து, சுவரில் பம்ப் பொருத்தியிருந்த நான்கு போல்ட் துளைகளில் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தார். அவருக்கு அந்தப் பயணம் அங்கே முடிந்தது. எனக்கு மதகில் வேலை இருந்தது.

மதகின் நெற்றியில் கட்டிய ஆண்டைப் பொறித்திருந்தார்கள். 2, 0, 1 தெளிவாக இருந்தன. நான்காவது இலக்கத்தின் மேல்பாதி சிமெண்டோடு பெயர்ந்து விழுந்திருந்தது. கீழ்ப்பாதியில் இடப்பக்கம் திறந்த ஒரு வளைவு மட்டும். பாசியைச் சுரண்டினேன், காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தேன். 3 ஆக இருக்கலாம். 5 ஆகவும் இருக்கலாம். 9 என்று வைத்தாலும் அது 5இன் கட்சியில்தான் சேரும். 3 என்றால், அண்ணன் போன 2014இல் மதகு இருந்திருக்கிறது; அவர் சொன்னது பொய். 5 என்றால் ஆறு அப்போது திறந்து கிடந்திருக்கிறது. அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம்.

கதவைப் பார்த்துக்கொள்ளும் காவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எப்போது கட்டியது என்று கேட்டேன். “நான் வந்தே இரண்டு வருடம்தான் அக்கா. அதற்கு முன்னாலேயே இருந்தது. கதவை முழுக்கத் தூக்கினாலும் படகு நுழையாது” என்றார். இதை எழுதிக்கொண்டேன். இலக்கத்தின் இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

வெள்ளிக்கிழமை வற்றத்தோடு இறங்கி, பெட்ரோல் தீர்ந்த இடத்தில் படகைக் கரையேற்றினோம்.

அறுபதாம் கல்யாணம் அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு. மண்டபத்தில் மேளம், மாலை, மஞ்சள் தண்ணீர் எல்லாம் முடிந்து, பந்திக்கு முன்னால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மைக்கில் வாழ்த்துச் சொன்னார்கள். என் முறை வந்தபோது காகிதத்தோடு ஏறினேன். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவது.

“மாமாவுக்குப் பரிசா ஒரு பயணக் குறிப்பு கொண்டு வந்திருக்கேன்” என்றேன். கை தட்டினார்கள்.

புறப்பட்ட நேரத்தைப் படித்தேன். முதலையைப் படித்தேன், சிரித்தார்கள். பஸ் டிக்கெட்டின் நேரத்தைப் படித்தேன். பதினொன்றரை மணிக்குப் பயந்து ஓடியவர் ஏழரை மணிக்கு ஏன் பஸ் ஏறினார் என்று கேட்டேன், சிரிப்பு குறைந்தது. பிறகு மதகுக்கு வந்தேன். நான்காவது இலக்கத்தை அடைந்தபோது நான் நிறுத்தவில்லை. “கட்டிய ஆண்டு இரண்டாயிரத்துப் பதிமூன்று” என்று படித்தேன்.

முன்வரிசையில் அண்ணனின் மூத்த மருமகன்தான் முதலில் வாயைத் திறந்தார். “அப்ப மாமா, சம்பானுக்கு றெக்கை இருந்துச்சா?”

மண்டபமே சிரித்தது. யாரோ பின்னாலிருந்து “பிந்து ஆயர்” என்று கத்தினார்கள். அந்தப் பெயர் அப்போதே ஒட்டிக்கொண்டது. மாலையும் கழுத்துமாக அண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

“கதவா? நான் போனப்ப அங்க கதவு இல்லம்மா.”

“இருந்துச்சு மாமா.”

அவர் என்னைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. மைக் இல்லாததால் மேடையில் இருந்த எங்களுக்கும், முன்வரிசையில் என் கணவருக்கும்தான் கேட்டிருக்கும். “நான் கீரி பக்கம்தாண்டா நின்னேன். ரெண்டு மணி நேரம். நீ வரல. என்ன விட்டுட்டு நீ போயிட்டியேங்கிற கோவத்துலதான் அப்படிச் சொல்ல ஆரம்பிச்சேன்.”

நான் அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த விஷயம்தான். காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். பந்தியில் பாயசம் நன்றாக இருந்தது.

திரும்பும் வழியில், யோங் பெங் தாண்டிய பிறகு, என் கணவர் கேட்டார்.

“மூணுன்னு இருந்துச்சா?”

“பாதி இருந்துச்சு.”

“பாதிய வெச்சிக்கிட்டு முழுசும் படிச்சிட்டியா?”

“முப்பத்தெட்டு தடவை உங்கள—”

“என்னைய சொன்னாரு. உன்னைய இல்ல.”

ஸ்டியரிங்கில் அவர் கை சாதாரணமாகத்தான் இருந்தது. அது என்னை அதிகம் வருத்தியது.

அதற்குப் பிறகு நடந்தவை. அண்ணனைக் குடும்பத்தில் ‘பிந்து ஆயர்’ என்று கூப்பிடுகிறார்கள். இதுவரை என் காதுபட ஆறு முறை. அவற்றைப் புதுப் பக்கத்தில் குறித்து வருகிறேன். ஆறு முறையும் எனக்கு இனித்தது என்பதையும் குறித்திருக்கிறேன். என் கணவர் வாரத்துக்கு இரண்டு முறை அண்ணனுக்குப் போன் செய்கிறார், ஸ்பீக்கரில் போடாமல். அடுத்த மாதம் இரண்டு பேரும் அதே இரவல் சம்பானில் மதகு வரை போகிறார்கள். நானும் வரவா என்று கேட்டதற்கு, “இடம் பத்தாதும்மா” என்றார். அந்தச் சம்பானில் நான்கு பேர் தாராளமாக உட்காரலாம்.

மடித்து வைத்த காகிதத்தின் பின்புறத்தில், இடது கரையைப் பற்றி நான் திங்கட்கிழமை எழுதாததை இப்போது எழுதிவிட்டேன். மதகைக் கட்டிய ஆண்டைக் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறேன். 3 என்று பதில் வர வேண்டும் என்பதே என் ஆசை. பதில் இன்னும் வரவில்லை. மண்டபத்தில் நான் உறுதியாகப் படித்த அந்த ஆண்டின் கடைசி இலக்கம் இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.